கட்டுவதும் காப்பதும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் ஒரு பழைய மாணவி பேச வேண்டும், அவர் வைத்தியராக இருந்தால் நல்லது என்று செயற்குழு நினைத்ததாகச் சொன்னார்கள். ஆகவே நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் தேநீர் நேரத்தில் வாருங்கள், சொல்கிறேன். இந்த மேடையில் நான் பேசப் போவது வேறொரு விஷயம். சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டுக் கராஜிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் சொந்தக் கையால் கட்டிப் பறக்கும் சிறு விமானங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். நூறு வயதாகும் ஒரு சங்கத்துக்கு அந்த விமானங்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது.

நோட்டன் பிரிட்ஜ்காரர்களுக்கு விமானம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு துயரம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவை நோக்கி வந்த மார்டின்எயார் டிசி-8 விமானம் நமது ஏழு கன்னி மலையில் மோதியது. அதில் இருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானத்தில் இருந்த கருவிகளை நம்பித் தங்கள் இருப்பிடத்தை விமானிகள் பிழையாகக் கணித்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த இரவைப் பற்றி நம் தாய்தந்தையர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால், வீட்டில் கட்டிய விமானத்தில் மனிதர்கள் பறக்கிறார்கள் என்று நான் முதன்முதலில் கேட்டபோது, வியப்பைவிடப் பயமே அதிகமாக வந்தது.

கேட்டது இங்கிலாந்தில். மயக்க மருந்துத் துறையில் மேற்படிப்பின் ஒரு பகுதியாக அங்கே ஒரு வருடம் பணியாற்றினேன். என்னோடு சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேலை செய்த மூத்த தாதி ஒருவரும் அவருடைய கணவரும் தங்கள் கராஜில் இரண்டு பேர் அமரக்கூடிய ஒரு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லாவிட்டால் நானும் உதவிக்குப் போவேன். விமானம் கட்டுவது எப்படி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே பார்த்ததும், பிறகு தேடிப் படித்ததும்தான்.

இது ஏதோ ஒருவர் இருவரின் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1953இல் போல் பொபெரெஸ்னி என்பவர் இப்படிப்பட்டவர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். பரிசோதனை விமானச் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். அது இன்று உலகம் முழுவதும் கிளைகளோடு இருக்கிறது. பிரித்தானியாவில் இலகுரக விமானச் சங்கம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, வேலையின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், கட்டுபவர் தன் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் தானே செய்திருக்க வேண்டும். அப்போதுதான் அது சொந்தக் கையால் கட்டிய விமானம் என்று பதிவாகும். வரைபடத்தை மட்டும் வாங்கி, பலகையையும் தகட்டையும் தானே வெட்டிக் கட்டுகிறவர்கள் உண்டு. பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பொருத்துகிறவர்கள்தான் இன்று அதிகம்.

இந்த வழக்கம் விமானத்தின் பிறப்பிலிருந்தே இருக்கிறது. ரைட் சகோதரர்களே சைக்கிள் கடைக்காரர்கள்தானே! பெண்கள் பாடசாலையில் பேசுவதால், லிலியன் பிளாண்ட் என்ற பெண்ணைப் பற்றி முதலில் சொல்கிறேன். இவர் வட அயர்லாந்தில் பெல்பாஸ்டுக்கு அருகே வாழ்ந்த பத்திரிகையாளர், புகைப்படக் கலைஞர். 1910இல் தன் விமானத்தைத் தானே வரைந்து, தானே கட்டி, தானே ஓட்டினார். அப்படிச் செய்த முதல் பெண்களில் ஒருவர் அவர். முதலில் எஞ்சின் இல்லாமல் கட்டினார். அது எடை தாங்குமா என்று பார்க்கக் கட்டுமஸ்தான நான்கு பொலிஸ்காரர்களைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். அவர்களையும் தூக்கிக்கொண்டு எழும்பியது. பிறகுதான் எஞ்சின் வாங்கினார். எஞ்சின் வந்தபோது பெற்றோல் தாங்கி வந்து சேரவில்லை. பொறுமை இல்லாத லிலியன், வெறும் விஸ்கிப் போத்தல் ஒன்றைத் தாங்கியாகவும், காது கேளாத தன் அத்தை பயன்படுத்திய ஊதுகுழல் ஒன்றைப் புனலாகவும் வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். விமானத்துக்கு மேஃபிளை என்று பெயர் வைத்தார். அது ஒரு பூச்சியின் பெயர். ஆங்கிலத்தில் ‘பறந்தாலும் பறக்கும்’ என்றும் பொருள்படும். பறந்தது. விமானத்தை விட்டுவிட்டால் கார் வாங்கித் தருகிறேன் என்று தகப்பன் சொல்ல, காரை வாங்கிக்கொண்டு, அதை ஓட்டப் பழகி, பிறகு கார் விற்கும் வியாபாரத்திலும் இறங்கினார்.

அதே 1910இல் நமக்குப் பக்கத்தில் சென்னையிலும் ஒருவர் பறந்தார். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ தாஞ்செலிஸ், வண்டி கட்டும் சிம்சன் நிறுவனத்தின் உதவியோடு தன் திட்டப்படி ஒரு விமானம் செய்து பல்லாவரத்தில் பறக்க விட்டுப் பார்த்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் நடந்த மிக ஆரம்பகாலப் பறப்புகளில் அதுவும் ஒன்று.

நம் நாட்டில் இந்தத் துறையின் பெரிய பெயர் கலாநிதி ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து 2010இல் மறைந்தவர். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கைக்காகக் கலந்துகொண்டவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். இத்தனைக்கும் நடுவே இலகுரக விமானங்களையும், மேலே சுழலும் இறக்கை வைத்த சிறு பறப்பு ஊர்திகளையும் தானே கட்டி ஓட்டினார். பிற்காலத்தில் தன் உழவு இயந்திரத்தையே கேள்விக்குட்படுத்தி, சரிவு நிலத்தில் மண் அரிக்கப்படாமல் பயிர் செய்யும் முறைகளுக்குத் திரும்பினார். தான் செய்ததைத் தானே சந்தேகிக்கும் அந்தக் குணத்தை நினைவில் வையுங்கள். இன்றைய பேச்சே அதைச் சுற்றித்தான்.

கேரளத்தில் இடுக்கி மாவட்டம் நம் மலையகம் போலவே தோட்டமும் மழையுமான இடம். அங்கே தொடுபுழாவுக்கு அருகே பிறந்த சஜி தோமஸ் பிறவியிலேயே காது கேளாதவர், பேச முடியாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். றப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகொப்டர்களைப் பார்த்து அவருக்கு இந்த ஆசை வந்தது. மின்சார வேலை செய்து சேர்த்த பணத்தில் வருடக்கணக்காகப் பாடுபட்டு ஒரு சிறு விமானம் கட்டினார். அது 2014இல் தமிழ்நாட்டின் திருநெல்வேலிச் சீமையில், அம்பாசமுத்திரம் பக்கத்தில், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவரின் துணையோடு பறந்தது. அவர் கதையைத் தழுவி ‘விமானம்’ என்று மலையாளப் படமும் 2017இல் வந்தது. இன்னொரு கேரளத்தவர், இங்கிலாந்தின் எசெக்ஸில் வாழும் பொறியியலாளர் அசோக் தாமரக்ஷன். கொரோனா ஊரடங்கில் நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, அவர் தென்னாபிரிக்காவிலிருந்து ஸ்லிங் விமானத்தின் பெட்டிகளை வரவழைத்துத் தோட்டத்துக் கொட்டகையில் கட்டத் தொடங்கினார். சுமார் 18 மாதங்கள், 1,500 மணித்தியாலங்கள் உழைத்தார். நான்கு பேர் அமரும் அந்த விமானத்துக்கு இளைய மகளின் பெயரை வைத்து, 2022இல் பறந்தார்.

சரி, அந்தக் கராஜுக்குள் என்னதான் நடக்கிறது? நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பெரும்பாலான நாட்களில் அங்கே விமானம் மாதிரி எதுவுமே இருக்காது. அலுமினியத் தகடுகள் இருக்கும். அவற்றில் துளை போட வேண்டும். ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் இருக்கும் பிசிரை வழித்தெடுக்க வேண்டும். பிசிரை விட்டுவிட்டால் அங்கிருந்துதான் சில வருடங்களில் வெடிப்புத் தொடங்கும். துருப்பிடிக்காத பூச்சுப் பூச வேண்டும். பிறகு ரிவெட் அடிக்க வேண்டும். அது தனி ஆளாகச் செய்ய முடியாத வேலை. ஒருவர் வெளிப்பக்கமிருந்து ரிவெட் துப்பாக்கியால் அடிக்க, மற்றவர் உட்பக்கமிருந்து கனமான இரும்புத் துண்டு ஒன்றை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. சத்தத்தாலும் சொல்லாலும்தான் வேலை நடக்கும். ‘சரி’ என்றால் அடுத்தது. ஒரு சிறு விமானத்தில் இப்படி ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். இறக்கையின் உட்பக்கம் மிக ஒடுக்கமானது. அங்கே கைவிட்டு இரும்பைப் பிடிக்க என் கைதான் வாகாக இருந்தது. கொழுந்தெடுத்த பரம்பரையின் கை, சிறியது, சளைக்காதது. அந்தத் தம்பதியர் அதை மிகவும் மதித்தார்கள்.

ஒரு பகுதி முடிந்ததும் மூட மாட்டார்கள். சங்கத்தின் பரிசோதகர் வர வேண்டும். அவரும் விமானம் கட்டிய அனுபவமுள்ளவர்தான். ஆனால் இந்த விமானத்தைக் கட்டாதவர். மின்விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டுவந்து உள்ளே பார்ப்பார். ஒருநாள் வரிசையில் மூன்று ரிவெட்டுகளைக் காட்டி, இவற்றைத் துளைத்தெடுத்துவிட்டுத் திரும்ப அடியுங்கள் என்றார். வெளியிலிருந்து பார்த்தால் அவற்றில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்தத் தாதி, நாங்கள் இருவரும் மூன்று முறை பார்த்தோமே என்றார். அதற்கு அவர், நீங்கள்தானே கட்டினீர்கள், உங்கள் கண்ணுக்குத் தெரியாது என்று சாதாரணமாகச் சொன்னார். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. அவர்களும் அன்று மாலையே மூன்றையும் எடுத்துவிட்டு அடித்தார்கள். பரிசோதகர் திரும்ப வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறக்கை மூடப்பட்டது.

ஆணி, நட்டு விஷயத்திலும் இப்படித்தான். எவ்வளவு பலத்தோடு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனரால்தான் முறுக்குவார்கள். முறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் அது உட்கார்ந்த இடத்தின் மேலும் சேர்த்து ஒரு வர்ணக் கோடு இழுப்பார்கள். நட்டுக் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். முக்கியமான போல்ட்டுகளின் தலைகளைக் கம்பியால் பிணைத்து முறுக்குவார்கள், போல்ட் தளரப் பார்த்தால் அந்தக் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுக்கும் வண்ணம். எல்லாம் முடிந்ததும் மூன்று சக்கரங்களுக்கும் கீழே மூன்று தராசு வைத்து நிறுத்து, பாரம் எங்கே விழுகிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். பாரம் அளவுக்கு மீறிப் பின்னே தள்ளிவிட்டால் எவ்வளவு நல்ல விமானியாலும் அதைக் கட்டுப்படுத்த முடியாது.

விமானம் பறந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அன்றுதான் இரண்டாவது வேலை தொடங்குகிறது. அமெரிக்காவில் புது விமானம் முதல் 25 அல்லது 40 மணித்தியாலங்கள் குறித்த எல்லைக்குள், பயணி எவரையும் ஏற்றாமல் பறந்து காட்ட வேண்டும். அது முடிந்த பிறகும் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் சுற்றி வந்து பார்க்க வேண்டும். தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் பெற்றோலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் கனத்தினால் அடியில் தனியே நிற்கும். குறித்த மணித்தியாலங்களுக்கு ஒருமுறை எஞ்சின் ஒயிலை மாற்றுவார்கள். கழற்றிய ஒயில் வடியை வீசாமல் வெட்டித் திறந்து, மடிப்புகளில் உலோகத் துகள் மினுங்குகிறதா என்று பார்ப்பார்கள். நோயாளியின் இரத்தத்தைச் சோதிப்பதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. இவ்வகைச் சிறு விமானங்களில் பெரிதும் பயன்படும் ரோட்டக்ஸ் எஞ்சினின் றப்பர்க் குழாய்களை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மூடிகளையெல்லாம் கழற்றி முழுவதையும் சோதிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். திகதி, செய்த வேலை, போட்ட பாகம், செய்தவரின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும்.

அந்தப் பதிவேடு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012இல் சொந்தக் கையால் கட்டிய விமானங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2011ஆம் ஆண்டில், தனியார் பொதுப் பறப்பு விமானங்களில் இவை ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து. ஆனால் விபத்துகளில் நூற்றுக்குப் பதினைந்து, உயிர் போன விபத்துகளில் நூற்றுக்கு இருபத்தொன்று. ஆகவே இது ஆபத்தில்லாத விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிக்கையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. அந்த வருடம் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து இன்னொருவர் விலைக்கு வாங்கியவை. புதிதாகக் கட்டிய விமானத்தின் முதல் பறப்பில் நடந்த விபத்துகள் 10. பழைய விமானத்தை வாங்கியவரின் முதல் பறப்பில் நடந்தவை 14.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வரை அக்காமார் பலர் வானொலியில் கேட்டிருப்பீர்கள். அவர் 1997 ஒக்டோபர் 12ஆம் திகதி, வேறொருவர் கட்டியிருந்த லோங்-ஈசி என்ற சிறு விமானத்தில் கலிபோர்னியாக் கரையோரம் பறந்து கடலில் விழுந்து இறந்தார். அதை அவர் வாங்கிக் கொஞ்ச நாள்தான். ஒரு தாங்கியிலிருந்து மற்றத் தாங்கிக்குப் பெற்றோலை மாற்றும் கைப்பிடி, மூல வரைபடத்தின்படி விமானியின் கைக்கெட்டும் இடத்தில் முன்னால் இருக்க வேண்டும். கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்புவதற்கு உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. டென்வர் நீண்டகால அனுபவமுள்ள விமானி. ஆனால் அந்தக் கைப்பிடி அவர் கைக்குப் பழகியதல்ல. கட்டியவரின் தலையில் இருக்கும் அறிவு, விற்கும்போது விமானத்தோடு சேர்ந்து போவதில்லை. அதை எழுதி வைத்து, காட்டிக் கொடுத்து, பழக்கிவிட வேண்டும்.

தங்கைமாரே, ஒரு வைத்தியர் இதையெல்லாம் ஏன் இவ்வளவு ஆர்வமாகப் பேசுகிறார் என்று இப்போது உங்களுக்கு விளங்கத் தொடங்கியிருக்கும். எங்கள் தொழில் இந்த மனிதர்களிடமிருந்து நேரடியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. 1935 ஒக்டோபர் 30ஆம் திகதி, போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய போர் விமானம் ஒன்று ஒஹாயோவில் சோதனைப் பறப்பின்போது மேலெழும்பி உடனே விழுந்தது. ஓட்டியவர் கைதேர்ந்த விமானி. காற்றில் ஆடாமலிருக்கச் சுக்கான்களுக்குப் போட்டிருந்த பூட்டைத் திறக்க மறந்துவிட்டார்கள். அதன் பிறகுதான், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பறக்குமுன் வரிசையாகப் பார்த்துச் சொல்ல வேண்டிய சரிபார்ப்புப் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் அதே யோசனையைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவந்தது. 19 விடயங்கள் கொண்ட ஒரு பட்டியல். நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கத்தில் சத்திரசிகிச்சை, எந்த மருந்து ஒவ்வாது என்று எல்லோரும் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் செய்து பார்த்த முடிவு 2009இல் வெளியானது. இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்திருந்தது. நான் தினமும் காலையில் முதல் நோயாளி வருமுன் மயக்க மருந்து இயந்திரத்தை, ஒட்சிசன் குழாயிலிருந்து உறிஞ்சும் கருவி வரை வரிசையாகச் சோதிக்கிறேன். நேற்றுத்தானே நன்றாக வேலை செய்தது என்று ஒருநாளும் விட முடியாது.

இதற்கு மறுபக்கமும் எங்கள் தொழிலில் உண்டு. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வசதி குறைந்த 16 நாடுகளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வைத்தியக் கருவிகளைக் கணக்கெடுத்தது. நூற்றுக்கு 38 கருவிகள் வேலை செய்யாமல் கிடந்தன. அவற்றில் எத்தனையோ கருவிகள் நல்ல மனதோடு யாரோ அன்பளிப்புச் செய்தவையாக இருக்கும். நான் முன்னொரு காலத்தில் வேலை செய்த ஒரு வைத்தியசாலையிலும் அப்படி ஓர் அறை இருந்தது. நாடா வெட்டிய படம் சுவரில் தொங்கும். கருவி போர்வைக்குள் தூங்கும். பழுதானது பெரும்பாலும் ஒரு சிறு பாகம்தான். அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கையும், வாங்க ஒதுக்கிய பணமும், எப்போது என்ன செய்தோம் என்ற பதிவும்தான் இல்லை.

இப்போது நம் பாடசாலைக்கு வருகிறேன். இந்தச் சங்கம் நூறு வருடங்களில் கொடுத்தவை எத்தனையோ. கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் நமது அக்காமார் தாராளமாக அனுப்புகிறார்கள். கட்டிக் கொடுக்கிறவர்களுக்குக் குறைவில்லை. திறப்பு விழாவுக்கும் குறைவில்லை. திறந்த மறுநாளிலிருந்து தொடங்கும் இரண்டாவது வேலையை யார் செய்வது என்பதே என் கேள்வி. நம் ஊர் மழையில் பூஞ்சணம் பிடிக்காத கணினி உண்டா? கூரைத் தகட்டின் ஆணித் துளையில் ஒருநாள் சொட்டும் நீர், பார்க்காமல் விட்டால் மூன்று வருடத்தில் வகுப்பறையின் உட்கூரையையே விழுத்திவிடும்.

பராமரிப்பு என்றால் என்ன என்று நமக்கு வெளியார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கைக்கு நீர்மின்சாரம் வேண்டும் என்று 1918இலேயே வாதாடியவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. அவர் பெயர் தாங்கிய மின்நிலையம் நம் ஊரில் இருக்கிறது. நமது அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் பழைய லக்சபான நிலையம் 1950இலிருந்து மின்சாரம் தருகிறது. அத்தனை வருடங்களும் அது ஓடியது, யாரோ சிலர் நேரம் தவறாமல் நிறுத்தி, திறந்து, பார்த்து, எழுதி வைத்து மூடியதால்தான். தேயிலைத் தொழிற்சாலைகளில் நூறு வருடப் பழைய உருளைகளை இன்றும் ஓட்டும் பிட்டர்மார் நம் அண்ணன்மார், மாமாமார்தான்.

ஆனால் அந்த வேலை பெண்பிள்ளைகளின் கைக்கு வந்ததில்லை. கொழுந்துக் கூடை பெண்ணுக்கு, கவ்வாத்துக் கத்தியும் ஸ்பேனரும் ஆணுக்கு என்று பிரித்து வைத்துவிட்டார்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகும், ‘உனக்கு எதற்கு அது?’ என்ற கேள்வியைப் பிள்ளைகள் வீட்டில் கேட்கிறார்கள். லிலியன் பிளாண்டையும் அப்படித்தான் கேட்டார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் மூங்கிலையும் மரத்தையும் அறுக்கப் போய்விட்டார்.

ஆகவே சங்கத்திடம் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறேன்.

முதலாவது, இனிமேல் எந்தப் பொருளை அன்பளிப்புச் செய்தாலும், அதன் விலையில் ஒரு பங்கை ஐந்து வருடப் பராமரிப்புக்கென்று தனியே ஒதுக்கிவிட்டுக் கொடுப்போம். அதனால் பத்துக் கணினிக்குப் பதில் ஏழுதான் வரும் என்றால் ஏழே வரட்டும். ஐந்தாவது வருடத்தில் ஏழும் வேலை செய்யும்.

இரண்டாவது, ஒவ்வொரு பொருளுக்கும் கட்டடத்துக்கும் ஒரு பதிவேடு தொடங்குவோம். எப்போது வந்தது, யார் தந்தது, என்ன பழுது, யார் திருத்தினார், எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுதுவோம். அதை உயர்தர மாணவிகள் எழுதட்டும். ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போவார், அதிபர் ஓய்வு பெறுவார். பதிவேடு இருந்தால், புதிதாக வருபவர் தோளுக்குப் பின்னால் கைப்பிடியைத் தேட வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, அந்த வேலையில் சம்பந்தப்படாத பழைய மாணவி இருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். ஊரில் இருப்பவர்களில் ஒருவர், வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களில் ஒருவர். குறை கண்டால் சொல்லட்டும். சொன்னால் நாம் கோபிக்க வேண்டாம்.

மூன்றாவது, ஒரு மேசை. பெரிய ஆய்வுகூடம் கேட்கவில்லை. ஒரு கெட்டியான மரமேசை, அதில் பொருத்திய ஒரு வைஸ், ஒரு துளையிடும் இயந்திரம், ஸ்பேனர் செட் ஒன்று, மின்சாரம் அளக்கும் மீட்டர், ஈயம் பற்றவைக்கும் கருவி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தொழிற்சாலைப் பிட்டர் ஒருவரையோ மின்நிலையத்தில் ஓய்வு பெற்ற ஒருவரையோ கூப்பிட்டு, பாடசாலையில் பழுதானவற்றை மாணவிகளே கழற்றித் திருத்தட்டும். முதலில் கதவுப் பூட்டு, மின்விசிறி, கதிரைக் கால். பிறகு கணினி. அந்த மேசைக்கும் முதல் ஐந்து வருடப் பராமரிப்புக்கும் ஆகும் செலவை நான் ஏற்கிறேன். அதற்குப் பிறகு சங்கம் ஏற்க வேண்டும்.

இந்த மேசையிலிருந்து ஒருநாள் விமானம் வருமா என்று முன்வரிசையில் யாரோ கேட்பது எனக்குக் கேட்கிறது. வரலாம். வராமலும் போகலாம். ஆனால் தான் கழற்றிய பொருளைத் தானே திரும்பப் பூட்டி, அது வேலை செய்வதைப் பார்த்த பிள்ளை, பிறகு ஒரு இயந்திரத்தின் முன்னாலோ ஒரு உத்தியோகத்தர் முன்னாலோ எளிதில் கைகட்டி நிற்க மாட்டாள். தன் வேலையை இன்னொருவர் சோதிக்கும்போது முகம் சுருங்கவும் மாட்டாள். தாதியாகப் போனாலும், கணக்காளராகப் போனாலும், தோட்டத்திலேயே இருந்து குடும்பம் நடத்தினாலும் அந்த இரண்டு பழக்கமும் அவளுக்குக் கைகொடுக்கும்.

சொந்தக் கையால் கட்டிய விமானத்தின் உள்ளே, பயணியின் கண்ணில் படும் இடத்தில் ஒரு வாசகம் ஒட்டியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இது தொழில்முறையில் கட்டப்படாதது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று அது அறிவிக்கும். நமது சங்கமும் அப்படித்தான். சம்பளமில்லாத கைகள் ஓய்வு நேரத்தில் கட்டியது. சந்தா சேர்த்தவர்கள், கூட்ட அறிக்கை எழுதியவர்கள், கணக்குப் பார்த்தவர்கள், கடிதம் போட்டவர்கள் என்று பெயர் தெரியாத எத்தனையோ அக்காமார் நேரம் தவறாமல் பார்த்துப் பார்த்து வைத்ததால் நூறு வருடம் வந்திருக்கிறது. அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அடுத்த வருடத்துக்கான சோதனையைத் தள்ளிப்போடாமல் செய்வதுதான். செயற்குழு சம்மதித்தால், முதல் பதிவேட்டின் முதல் பக்கத்தை இன்று மாலையே எழுதத் தொடங்கலாம்.